வெந்த காட்டைப் படம்பிடித்தல் தகுமோ?

காட்டுத்தீயினால் வெந்து கரிந்த ஒரு நிலத்தின் ஒளிப்படத்தை யான் ஒருநாள் வகுப்பிலே மாணாக்கருக்குக் காட்டினேன். நெடிது நின்ற கரிய மரங்கள். அவற்றின் அடியிலே வெண்சாம்பல். மரங்களின் ஊடே சாய்ந்து விழும் காலை வெயில். பார்த்த பிள்ளைகள் பலரும் “எவ்வளவு அழகு!” என்றனர். ஒரு சிறுமி மாத்திரம் நெடுநேரம் பார்த்திருந்து, “ஐயா, அங்கே இருந்தவையெல்லாம் எங்கே போயின?” என்று வினாவினாள். எனக்கு விடை வாய்க்கவில்லை. அப்படம் எந்த நாட்டில், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதுதானும் யான் அறியேன். அழகாய் இருந்தது என்னும் ஒரு காரணம்பற்றியே அதனைத் தெரிந்தெடுத்தேன். அவ்வினா அன்றுதொட்டு என்னை விட்டு நீங்கவில்லை. அழிவினை அழகாகக் காட்டுதல் அறமாகுமா? அறமாயின் எவ்வாற்றான்? அறமன்றாயின் அத்தகைய படங்களை எடுப்போரும் காட்டுவோரும் செய்யத்தக்கது யாது? இவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதுபற்றி ஒருசாரார், பிறர்க்கும் பிறவுயிர்க்கும் நேர்ந்த கேட்டினைக் கண்ணுக்கு விருந்தாக்குதல் ஒருவாற்றானும் தகாது என்பர். அயலான் வீடு எரியும்போது சுவாலையின் நிறத்தை வியந்து நிற்பவனை உலகம் பழிக்கும். எரிந்தபின் சாம்பலின் நிறத்தை வியப்பவன் அவனிலும் எவ்விதத்தில் மேலானவன் என்பது அவர் கேள்வி. மற்றொருசாரார், கமரா உள்ளதை உள்ளபடி காட்டுங் கருவி என்றும், படம் இல்லையேல் தூரத்திலுள்ளோர் அழிவினை அறியார் என்றும், அறியாதார் இரங்கார், இரங்காதார் உதவார் என்றும் கூறுவர். இவ்விரு கூற்றினும் உண்மை உண்டு. இரண்டும் முழுவுண்மை ஆகா. நிகழ்ந்த செய்திகளை முன்வைத்து நோக்கின் இது விளங்கும்.

அமெரிக்காவிலே வயோமிங் முதலிய மூன்று மாநிலங்களில் பரந்துள்ளது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அதன் பரப்பு சுமார் 22 இலட்சம் ஏக்கர். அப்பூங்கா தோன்றுதற்கே ஒளிப்படம் ஒரு காரணமாயிற்று. 1871ஆம் ஆண்டிலே ஹேடன் என்பார் தலைமையிற் சென்ற ஆராய்ச்சிக் குழுவுடன் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்னும் படப்பிடிப்பாளர் சென்று, அந்நிலத்தின் வெந்நீரூற்றுக்களையும் அருவிகளையும் பள்ளத்தாக்குகளையும் படம்பிடித்து மீண்டார். அவை சட்டசபையாரின் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1872ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் தேதி அந்நிலம் சட்டத்தாற் காக்கப்பட்டது. ஒளிப்படம் ஒரு நிலத்தைக் காக்கவும் வல்லது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் அந்நிலத்திலே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த ஷொஷோனி முதலிய முதற்குடிகள் இருந்தனர். அருவியையும் மலையையும் கண்டு வியந்தோர் அதனை மனிதர் கால்படாத நிலம் என்று எண்ணினர். படம் எதைக் காட்டிற்றோ அதனை உலகம் காத்தது; எதைக் காட்டாது விட்டதோ அதனை உலகம் மறந்தது. ஆதலின், படத்தின் ஆற்றலைச் சொல்லும்போது அதன் எல்லையையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

அப்பூங்காவிலே 1988ஆம் ஆண்டு கோடையிற் பெருந்தீ மூண்டது. இடியினால் மூண்ட சிறு தீக்களை, மனிதருக்குக் கேடு செய்யாதவிடத்து, தாமே எரிந்தவிய விடுதல் 1972 முதல் அங்கு கைக்கொள்ளப்பட்ட முறை. 1988இலோ கடும் வரட்சியும் காற்றும் கூடின. ஜூலை மாதக் கடைக்கூற்றிலே எல்லாத் தீயையும் அணைக்குமாறு கட்டளை பிறந்தது. ஆகஸ்டு 20ஆம் நாள் ஒன்றிலேயே ஒன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தீப்பட்டது. அக்கோடை முழுவதும் சுமார் 25,000 பேர் முறைமுறையாக நின்று போராடினர். ஆயினும் பெருந்தீயை அடக்கியது அவர் கையன்று. செப்டெம்பர் 11ஆம் நாள் பெய்த மழையும் பனியுமே. முடிவிற் பூங்காவின் எல்லையுள் ஏறக்குறைய 7,94,000 ஏக்கர், அஃதாவது நூற்றுக்கு 36 பங்கு, தீப்பட்டிருந்தது.

அந்நாட்களிலே வெளிவந்த படங்கள் யாவை? சுவாலை வானளாவி நிற்பது, கரிக்கட்டையாய் நின்ற மரங்கள், சாம்பல் வெளி. அவற்றைக் கண்ட மக்களுட் பலர் பூங்கா ஒழிந்தது என்றே துணிந்தனர். படங்களுள் ஒன்றும் பொய்யன்று; அவற்றால் விளைந்த எண்ணமோ பொய். தீ எல்லா இடத்தையும் ஒருபடித்தாக எரிக்கவில்லை. கரிந்த திட்டும் பச்சைத் திட்டும் மாறிமாறிப் பாயின் கோலம்போலக் கிடந்தன. வெப்பம் பெரும்பாலான இடங்களிலே மண்ணுள் ஓரங்குல அளவே இறங்கிற்று. கீழே வேரும் கிழங்கும் உயிரோடிருந்தன. அக்காட்டின் பெரும்பகுதி லொட்ஜ்போல் பைன் என்னும் மரத்தாலாயது. அம்மரத்தின் காய்களுட் பல பிசினால் இறுக மூடியவை; தீயின் சூட்டினாற் பிசின் உருகினாலன்றி அவை வாய்திறந்து வித்துக்களைச் சொரிவதில்லை. எனவே காட்டைக் கொன்ற தீயே காட்டை விதைத்தது. அடுத்த கோடைகளிலே புல்லும், தீக்களை எனப் பொருள்படும் பெயருடைய செந்நீலப் பூச்செடியும் தளிர்த்தன. பின்னர்ப் பைன் நாற்றுக்கள் நெருங்கி எழுந்தன.

பூங்காவைக் காப்போர் ஒரு நல்ல காரியஞ் செய்தனர். முன்னர்ப் படமெடுத்த அதே இடத்தில் நின்று, அதே திசையை நோக்கி, ஆண்டுகள் கழியுந்தோறும் மீண்டும் படமெடுத்தனர். முதற்படத்திற் கரி, இரண்டாவதிற் பூ, மூன்றாவதில் ஆளுயர மரக்கன்று. இவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பவனுக்கு, ஒரு படம் தனித்து நின்று சொல்லவியலாத உண்மை விளங்குகின்றது. படம் என்பது ஒரு கணத்தின் சாட்சி. ஒரு கணத்தின் சாட்சியைக் காலம் முழுவதற்கும் சாட்சியாகக் கொள்ளுதல் பார்ப்பவனின் பிழை. பார்ப்பவன் அவ்வாறு கொள்ளுவான் என்பதை அறிந்தும் நாளும் இடமும் குறியாது படத்தை வெளியிடுதல் எடுத்தவனின் பிழை. ஆகவே வெந்த நிலத்தைப் படமெடுப்பவனுக்குரிய முதற்கடன், நாளையும் இடத்தையும் குறித்தல். இரண்டாவது கடன், இயலுமாயின் மீண்டுஞ் செல்லுதல். நோயாளியைக் கிடக்கையிற் படம்பிடித்தவன், அவன் எழுந்தானா என்று பின் ஒருநாளும் விசாரியாது விடுதல் தகாதன்றோ?

அற்றேல், கமரா பொய் சொல்லாக் கருவி, பிழையெல்லாம் மனிதன் கண்ணே என்பாராயின், அதுவும் முற்றும் பொருந்தாது. கமராவிலுள்ள ஒளியளவி, தான் காணும் காட்சி கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுத்தரமான சாம்பல் நிறத்தது என்று கருதியே அளக்கும். கரிக்காட்டைக் காட்டினால், இருள் மிகுந்தது என்றெண்ணி ஒளியைக் கூடுதலாக ஏற்கும். எடுப்பவன் அறிந்து திருத்தாவிடிற் கரியமரம் நரைத்த மரமாய் வரும். 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், கலிபோர்னியாக் காட்டுத்தீக்களின் புகையால் சான் பிரான்சிஸ்கோ நகரின் வானம் பட்டப்பகலிற் செம்மஞ்சளாய் இருண்டது. நகரத்தார் பலர் தம் கைத்தொலைபேசியினாற் படமெடுத்தபோது, கருவி அந்நிறத்தைத் தவறென்று கருதித் தானாகவே திருத்தி, வழக்கமான மங்கல் நிறமாக்கிக் காட்டிற்று. கண் கண்ட உண்மையைக் கருவி நம்பவில்லை! ஆகவே நிறத்தை மாற்றாது விடுவதே வாய்மை என்பதும் எப்போதும் பொருந்தாது. கண்டதற்கு இயைய மாற்றுதல் வாய்மைக்குப் பணி. காணாததைக் கூட்டுதல் பொய். இரண்டனையும் பிரித்தறிபவன் கமரா அன்று. அதனைப் பிடித்து நிற்கும் மனிதனின் மனச்சாட்சியே.

இனி, துயரம் மிகுந்த வேறொரு நிலத்துக்குச் செல்வோம். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள், சனிக்கிழமை, மெல்பேண் நகரிலே வெப்பம் 46.4 பாகையை எட்டியது. கடுங்காற்று வீசிற்று. அன்று மூண்ட தீக்களால் 173 பேர் இறந்தனர்; இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அவற்றுட் கொடியதாகிய கில்மோர் கிழக்குத் தீ, பழைய மின்கம்பி அறுந்தமையால் மூண்டது என்று அரச விசாரணைக் குழு 2010இல் வெளியிட்ட அறிக்கையிற் கூறிற்று; 119 உயிர்கள் அத்தீ ஒன்றினாலேயே மாண்டன. மேரிஸ்வில் என்னும் சிற்றூர் ஏறக்குறைய முற்றும் எரிந்தது. இறந்தோரைத் தேடுதற்பொருட்டு அவ்வூருக்குச் செல்லும் வீதிகளைப் பொலிசார் அடைத்தனர். ஊரார் தம் வீடு நின்ற இடத்தைச் சென்று பார்க்குமுன்னரே, வானிலிருந்து எடுத்த அவ்வூரின் படங்கள் உலகெங்கும் பரவின.

இவ்விடத்திலே சிறிது நிற்க. தன் வீடு சாம்பலானதை ஒருத்தி தன் கண்ணாற் காணுமுன் பத்திரிகையிலே காணுதல் எத்தன்மைத்து? யெல்லோஸ்டோன் காட்டின் கரியும் மேரிஸ்வில்லின் கரியும் கமராவுக்கு ஒன்றே, அறத்துக்கு ஒன்றல்ல. காட்டிலே தீ ஒரு பருவம். ஊரிலே தீ ஒரு சாவு. முன்னையதிற் படமெடுப்பவன் நிலத்துக்கு மாத்திரம் கடமைப்பட்டவன். பின்னையதில், அந்நிலத்திலே தம்மவரை இழந்து நிற்போருக்கும் கடமைப்பட்டவன். அவர் அங்கிருந்தால் அவர் முகம் பார்த்து அனுமதி கேட்டல் வேண்டும்; அவர் அங்கில்லையாயின், அவர் தோளருகே நிற்பதாக எண்ணிப் படமெடுத்தல் வேண்டும். எரிந்துபோன வீட்டிற் கிடக்கும் ஒரு பிள்ளையின் சைக்கிள் கண்ணைக் கவருவதாயிருக்கலாம். அதனைப் படமெடுத்தவன், அப்பிள்ளையின் தாய் இதனைக் காணும்போது யான் எதிரே நிற்கக்கூடுமோ என்று தன்னைக் கேட்பானாக. கூடும் எனின் எடுக்க. கூடாது எனின் விடுக.

அத்தீயோடு தொடர்புற்றுப் புகழ்பெற்ற வேறொரு படம் உண்டு. சாம் என்று பெயரிடப்பட்ட கோலா விலங்கு ஒன்று, எரிந்த காட்டிடையே தீயணைப்பாளர் ஒருவரின் கையிலிருந்த போத்தலில் நீர் பருகுவதைக் காட்டும் படம் அது. உலகெங்குமுள்ளோர் அதனைக் கண்டு உருகினர். உண்மையில் அப்படம் பெப்ரவரி 7ஆம் நாளுக்குச் சில நாட்கள் முன்னர் வேறோரிடத்து எடுக்கப்பட்டது. அந்நாளின் தீக்கு அஃது அடையாளமாகப் பின்னர்க் கொள்ளப்பட்டது. அக்கோலாவும் நோயுற்று அவ்வாண்டு ஆகஸ்டிலே இறந்தது. இரக்கம் பிறந்தது நன்று. உதவியும் சென்றது நன்று. ஆயினும் 173 மனிதர் மாண்ட தீக்கு, அத்தீயிற் படாத ஒரு விலங்கின் படம் அடையாளமாயிற்று. மனிதரின் துயரம் பார்க்கப் பொறுக்கவொண்ணாதது. விலங்கின் மீட்சி பார்க்க இனிது. உலகம் இனியதைத் தெரிந்துகொண்டது. நல்ல உணர்ச்சியை எழுப்பியமையால் மாத்திரம் ஒரு படம் உண்மையுடையது ஆகாது என்பதை இதனால் அறியலாம்.

இனி அழகைப்பற்றிய முதல் வினாவுக்கு வருவோம். வெந்த நிலத்தில் அழகு இல்லை என்பது பொய். கரியின் கருமை, விழுந்து எரிந்த மரத்தின் நீளத்துக்குக் கிடக்கும் வெண்சாம்பற் கோடு, இலையுதிர்ந்தமையால் வெளிப்பட்ட மலையின் வடிவு ஆகிய இவையெல்லாம் கண்டவர் மறுக்கவியலாத அழகுடையன. அவ்வழகைக் காண்பவன் கொடியவன் அல்லன். கண் தன் தொழிலைச் செய்கின்றது. அன்றியும், அழகற்ற படத்தை மக்கள் ஒரு நொடியிற் கடந்துபோவர். அழகுடைய படத்தின்முன் நிற்பர். நின்றவனே சிந்திப்பான். ஆதலின் அழகு வாயிலாகலாம்.

வாயிலாவது உள்ளே செல்லுதற்கு உரியது. வாயிலிலேயே நின்று மீள்வார்க்கு வீடு தெரியாது. படத்தைக் கண்டவன் “அழகு” என்று சொல்லி ஓய்வானாயின், அவ்வழகு துயரத்தை மூடிய திரை. “இஃது எவ்விடம்? ஏன் எரிந்தது? யாருக்கு என்ன நேர்ந்தது? பின் என்னாயிற்று?” என்று வினாவுவானாயின், அவ்வழகு உண்மைக்கு விளக்கு. ஆகவே படத்தின் அறம் அதன் அழகின் அளவிலே தங்கவில்லை. அஃது எழுப்பும் வினாவிலே தங்கியுள்ளது. வினாவை அடக்கும் அழகு குற்றம். வினாவை எழுப்பும் அழகு நன்மை. இதுவே யான் கண்ட துணிபு.

இதற்கு ஒரு தடை நிகழலாம். “கரியைக் காட்டிப் பின் தளிரைக் காட்டினாற் போதும், இயற்கை எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று பிள்ளைகள் அறிந்து தேறுவர்” என்பது அது. இனிய கொள்கைதான், ஆனால் இதுவும் திரையாகலாம். விக்டோரியாவின் யூக்கலிப்டசு மரங்களுட் பல, எரிந்த சில வாரங்களிலேயே கரிய அடிமரத்தினின்று பச்சைத் தளிர் விடுவன. படமெடுப்போர் அதனைப் பெரிதும் விரும்புவர். அவ்வினத்ததே ஆயினும் மவுண்டன் ஆஷ் என்னும் மரம் அவ்வாறு தளிர்ப்பதில்லை. பூக்கும் மரங்களுள் உலகிலே மிக உயர்ந்தது அது. கடுந்தீயிற் பட்டால் இறந்துபோம். தன் வித்தைச் சாம்பலிற் சொரிந்துவிட்டே இறக்கும். அவ்வித்தினின்று எழுந்த கன்றுகள் தாமும் போதிய வித்துத் தருதற்குச் சுமார் 20 ஆண்டு செல்லும். அதற்குள் மீண்டுந் தீ வருமாயின், சொரிய வித்தில்லை. அக்காடு அவ்விடத்தில் ஒழியும். யெல்லோஸ்டோனிலும் 1988இல் வெந்து மீண்ட இளங்காட்டின் ஒரு பகுதி 2016இல் மீண்டும் வெந்தது. உலகம் சூடேறி வரும் இக்காலத்திலே, தீக்கும் தீக்கும் இடையிலுள்ள காலம் பல நாடுகளிற் சுருங்கி வருகின்றது. ஆதலின் தளிரை மாத்திரம் காட்டி ஆறுதல் சொல்லுதலும், கரியை மாத்திரம் காட்டி அச்சுறுத்துதலும் ஒரு தன்மைத்தாய குறையே. எந்நிலம் மீளும், எந்நிலம் மீளாது, எவ்வளவு காலம் விடின் மீளும் என்பவற்றைக் கேட்டறிந்து சொல்லுதலே முறை.

படமெடுப்பவனின் காலடியைப்பற்றியும் ஒரு சொல். வெந்த நிலம் வெறுநிலம் அன்று. சாம்பலின் கீழே முளைக்கக் காத்திருக்கும் வித்துக்கள் உண்டு; பிடிப்பிழந்த மண் மிதிபட்டால் அடுத்த மழையில் எளிதிற் கரைந்தோடும். நிற்கும் பட்டமரம் காற்றின்றியும் விழும். எரிந்த வேரின் குழி சாம்பலால் மூடப்பட்டு உள்ளே கனன்றிருக்கும். நல்ல கோணத்தைத் தேடி வழிவிட்டு நடப்பவன் தன் உயிரையும் இடருக்குள்ளாக்கி, தன்னை மீட்க வருவோர் உயிரையும் இடருக்குள்ளாக்கி, எழவிருந்த முளையையும் மிதிக்கின்றான். அழிவைக் காட்ட வந்தவன் அழிவைக் கூட்டுதல் தகாது.

ஆசிரிய அன்பர்களே! நம்முட் பெரும்பாலார் கமரா தூக்கிக் காடு செல்பவர் அல்லேம். ஆயினும் நாடோறும் படம் காட்டுபவர் ஆவேம். எடுப்பவனுக்குரிய கடனிற் பாதி காட்டுபவனுக்கும் உண்டு. இடமும் நாளும் அறியாத படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாதிருப்போம். ஒரு படத்தைக் காட்டியவிடத்து அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் தேடிக் காட்டுவோம். சட்டத்துக்கு வெளியே விடப்பட்டது யாது என்று அவர்களையே வினாவச் செய்வோம். அழகு என்று சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ளாது, அவ்வழகினின்று அடுத்த வினாவுக்கு அழைத்துச் செல்வோம். இக்காலத்துப் பிள்ளைகள் ஒருநாளிற் காணும் படங்கள் நாம் ஓராண்டிற் கண்டவற்றினும் மிகுதி. அவற்றுள் எதன்முன் நிற்பது, நின்று என்ன கேட்பது என்பதை நாம் பயிற்றாவிடின், கண்டு கண்டு அவர்தம் இரக்கம் மரத்துப்போம்.

மறுமுறை அப்பாடம் வந்தபோது யான் மூன்று படங்களைக் கொண்டுசென்றேன். யெல்லோஸ்டோனின் ஒரே இடம், மூன்று காலம். ஒவ்வொன்றின் கீழும் ஆண்டினை எழுதி ஒட்டினேன். மேரிஸ்வில்லின் செய்தியைப் படமின்றிச் சொல்லினாற் சொன்னேன். பிள்ளைகள் அமைதியாய்க் கேட்டனர். பின்னர், முன்பு வினாவிய அச்சிறுமியை நோக்கி, “அன்று நான் காட்டிய படம் எந்த இடத்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது, பிள்ளை. தெரியாததைக் காட்டியது என் பிழை” என்றேன். அவள் மூன்றாவது படத்தருகே சென்று, இளமரங்களின் இடையே இன்னும் விழாது நின்ற ஒரு கரியமரத்தை விரலாற் காட்டி, “இது அன்றிருந்த மரந்தானே, ஐயா?” என்றாள். ஆம், அதுவே. முதற்படத்தைப் பாராதவர்க்கு அது வெறும் பட்டமரம். பார்த்தவர்க்கோ அது சாட்சி. பிள்ளைகளின் கண்ணை அவ்வாறு காணப் பழக்குதலே ஆசிரியர்க்குரிய தொழிலாகும்.